அந்த 46 காணொளிகளையும் முதலில் யார் பார்த்தீர்கள்?

வன்னிப் பாடசாலைகளுக்கு விஞ்ஞானக் காணொளிப் பட்டியல் அனுப்பிவைத்த கல்வி அதிகாரிகளுக்கு,

சென்ற தவணையின் நடுவில் உங்களிடமிருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. விஞ்ஞான ஆசிரியரோ ஆய்வுகூடமோ இல்லாத பாடசாலைகள், தரம் 10, 11 மாணவரின் செய்முறைகளை இணையக் காணொளிகளைக் காட்டி நிறைவுசெய்யலாம் என்று அதில் இருந்தது. பின்னிணைப்பாக 46 இணைப்புகள். ஆய்வுகூடப் பொருள்கள் கேட்டு அனுப்பிய கோரிக்கைகள் இவ்வாண்டு கவனிக்கப்படமாட்டா என்பது அதே கடிதத்தின் கடைசிப் பந்தி. இரண்டும் ஒரே தாளில் வந்ததால், முதலாவது எதற்காக எழுதப்பட்டது என்பது எங்களுக்கு விளங்கியது.

நான் 27 ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவள். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் இறங்கி, கிரவல் பாதையில் உள்ளே நடந்தால் எங்கள் குளமும் பாடசாலையும் வரும். அங்கிருந்த விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் ஒன்றரை ஆண்டாகிறது. பதிலுக்கு எவரும் வரவில்லை. பின்னேரங்களில் பொதுநோக்கு மண்டபத்தில் பிள்ளைகளை இருத்தி நான் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பட்டியலை அதிபர் என் கையில் தந்து, "ரீச்சர், நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொன்ன பிறகுதான் பிள்ளைகளுக்குக் காட்டுவேன்" என்றார். அவர் செய்ததை நீங்கள் முதலிலேயே செய்திருந்தால் இந்த மடலுக்குத் தேவை இருந்திராது.

மூன்று கிழமை எடுத்தது. ஒவ்வொரு காணொளியையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தேன். ஐயம் வந்த இடங்களை நிறுத்தி, பாடநூலைத் திறந்துவைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். பார்த்ததை ஒரு கொப்பியில் குறித்தேன். 46இல் 8 திறக்கவே இல்லை. 13 ஆங்கிலத்தில் இருந்தன. திரையின் அடியில் தமிழ் வரிகூட ஓடவில்லை. 17 தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப அங்குள்ள ஆசிரியர்கள் செய்தவை. 3 முழுப்பிழையானவை. மிச்சம் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 17. அவற்றில் பிழை இல்லை. நல்ல ஆசிரியர்கள், தெளிவான குரல், அன்பான விளக்கம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் கெடுதல் செய்தவை அவைதான். என்னிடம் ஒரு விடைத்தாள் இருக்கிறது. திணிவு 2 கிலோகிராம் உள்ள பொருளின் நிறை என்ன என்பது கேள்வி. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்கச் சொல்லியிருந்தேன். மாணவன் எழுதியிருந்தான்: "நிறை = 2 கிலோகிராம். எடை = 20 நியூற்றன்." தமிழ்நாட்டில் இதே விடைக்கு முழுப் புள்ளியும் கிடைக்கும். நாங்கள் திணிவு என்பதை அவர்கள் நிறை என்கிறார்கள். நாங்கள் நிறை என்பதை அவர்கள் எடை என்கிறார்கள். கேள்வி நிறையைக் கேட்டது. அவன் நிறை என்ற சொல்லுக்கு நேரே 2 கிலோகிராம் என்று எழுதிவிட்டான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் இந்த விடையைத் திருத்துபவர் என்ன செய்வார்? அவனுக்குப் பௌதிகம் விளங்கியிருக்கிறது. பெருக்கியிருக்கிறான், அலகும் சரி. சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளுக்கு முன்னால் நெடுநேரம் இருந்தேன். நான் திருத்த வேண்டியது அவனை அல்ல என்று தோன்றியது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வேகமும் இப்படித்தான். எங்கள் நூலில் கதி, வேகம் என்று இரண்டு. அங்கே அவை வேகம், திசைவேகம். எங்கள் பிள்ளை "வேகம்" என்று படிப்பது திசையோடு சேர்ந்தது; காணொளியில் கேட்கும் "வேகம்" திசையில்லாதது. ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்றாலோ, மூலகத்தைத் தனிமம் என்றாலோ, ஆர்முடுகலை முடுக்கம் என்றாலோ பிள்ளை நின்று, "இது என்ன ரீச்சர்?" என்று கேட்பான். சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருக்கும் இடத்தில் அவன் நிற்கமாட்டான். தனக்குத் தெரிந்த சொல் என்று நினைத்துக் கடந்துபோவான். ஓர் அரைப்பக்கக் கலைச்சொல் ஒப்பீட்டைப் பட்டியலோடு இணைத்திருந்தால் அந்த 17 காணொளிகளும் எங்களுக்குப் பயன்பட்டிருக்கும். அந்த அரைப்பக்கம் எழுத ஒரு பாட ஆசிரியருக்கு ஒரு மணி நேரம் போதும்.

இந்தத் தீவில் தமிழில் விஞ்ஞானம் சொல்லும் முயற்சி நேற்றுத் தொடங்கியது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைநாட்டு மருத்துவம் கற்பித்தார். உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் நோய்க்கும் மருந்துக்கும் தமிழ்ச்சொல் தேடி நூல்களை மொழிபெயர்த்தார். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம் அது. சொல்லைக் கவனிக்காமல் பொருளைக் கொடுக்க முடியாது என்று அந்த வெளிநாட்டவருக்கு விளங்கியிருந்தது. எங்களுடைய கலைச்சொற்கள் அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பின்னர் பாடநூல்களில் நிலைபெற்றவை. அவற்றில் பிள்ளைகளைப் பரீட்சிக்கிறீர்கள். கற்பதற்கு மட்டும் வேறு சொற்களைக் கையில் கொடுக்கிறீர்கள்.

இனி அந்த மூன்று பிழைகள்.

முதலாவது, கோடைகாலம் வருவது பூமி சூரியனை நெருங்குவதால் என்று சொல்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறத்தாழ 147 மில்லியன் கிலோமீற்றர் தொலைவில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில். அது வன்னியில் விடியற்காலைப் பனிக்குப் போர்த்துக்கொண்டு வயலுக்குப் போகும் காலம். மிகத் தொலைவில், ஏறத்தாழ 152 மில்லியன் கிலோமீற்றருக்கு அப்பால், இருப்பது ஜூலையில். அப்போது எங்கள் குளத்தின் அடி வெடித்துக் கிடக்கும். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சரிந்திருப்பது. காணொளியைப் பார்த்த பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்விதான் கேட்டேன்: "நெருங்கினால் சூடு என்றால், தை மாதத்தில் ஏன் குளிர்கிறது?" அவர்களுடைய சொந்த உடம்பே அந்தக் காணொளிக்கு மறுப்பு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இரண்டாவது, காந்தமும் மோட்டாரும் வைத்து எந்தச் சக்தியும் கொடுக்காமல் மின்குமிழை எரியவைக்கிறது. "இலவச மின்சாரம்" என்று தலைப்பு. மறைத்துவைத்த மின்கலத்தைத் திரையில் காட்டமாட்டார்கள். எங்கள் தரம் 10 மாணவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த பழைய வானொலியைக் கழற்றி ஒலிபெருக்கியின் காந்தத்தை எடுத்துவிட்டான். இரண்டு நாள் முயன்றும் குமிழ் எரியவில்லை. "எனக்குச் செய்யத் தெரியவில்லை ரீச்சர்" என்றான். பிழை தன்னுடையது என்று அந்தப் பிள்ளை நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை. மண்டபத்தில் எல்லாரையும் இருத்தி ஒரு சைக்கிளைக் கவிழ்த்துவைத்தேன். போர்க்காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லாதபோது நாங்கள் வானொலி கேட்டது அப்படித்தான்: கவிழ்த்த சைக்கிள், அதன் டைனமோ, கையால் சுற்றுவதற்கு ஓர் ஆள். சுற்றுபவர் களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். சக்தியை எவரும் சும்மா தருவதில்லை என்பது எங்கள் தலைமுறைக்குக் கைநோவால் தெரியும். அந்தப் பையனையே பெடலைச் சுற்றச் சொன்னேன். விளக்கை இணைக்காதபோது சுற்றுவதற்கும் இணைத்த பின் சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவன் கை உணர்ந்தது. சக்திக் காப்பு அன்று அவனுக்கு விளங்கியது.

மூன்றாவதுதான் என்னை இந்த மடலை எழுதவைத்தது. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்டி, கத்தியால் கீறி, நஞ்சை உறிஞ்சி எடுக்கச் சொல்லும் காணொளி அது. "முதலுதவி" என்ற தலைப்பில், அரச சுற்றுநிருபத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது. வயல் வெட்டும் காலத்தில் புடையன் கடிக்காத ஊர் வன்னியில் எது? இறுக்கிக் கட்டுவதால் கட்டிய உறுப்பே பழுதாகலாம். புடையனின் நஞ்சால் இரத்தம் உறையாமல் போகலாம்; அப்போது கீறினால் இரத்தப்போக்கு நிற்காத ஆபத்து. உறிஞ்சுவதால் பயன் இல்லை. செய்ய வேண்டியது, கடிபட்டவரைப் பதறாமல் அசையாமல் வைத்து, மோதிரம் காப்புகளைக் கழற்றி, கட்டுப்போட்ட கைபோலக் கடிபட்ட உறுப்பை அசைவின்றித் தாங்கி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது. நஞ்சுமுறிமருந்து அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கிரவல் பாதையால் பிரதான வீதிக்கு வரவே நேரம் எடுக்கும். அந்த நேரத்தை ஒரு பிள்ளை கத்தி தேடுவதில் கழித்தால்? சுற்றுநிருபத்தில் கையெழுத்திட்டவர் இதைப் பார்த்திருந்தால் நிச்சயம் சேர்த்திருக்கமாட்டார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எவரும் பார்க்கவில்லை.

பட்டியலில் இல்லாதவை இன்னும் மோசம். நீங்கள் தந்த காணொளி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. அதைத் தெரிவுசெய்வது நீங்களும் அல்ல, நானும் அல்ல. அமில மூலத் தாக்கம் பற்றிய நல்ல காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த தரம் 9 மாணவிக்கு அடுத்ததாக வந்தது, வீட்டுப் பொருள்களால் "எரிமலை" செய்யும் விளையாட்டு. வெள்ளம் வடிந்த பின் கிணற்றில் இடுவதற்காகக் கொடுத்த குளோரீன் தூள் வீட்டில் இருந்தது. கழிவறை கழுவும் அமிலமும் இருந்தது. இரண்டையும் ஒரு போத்தலில் சேர்த்தாள். எழும்பியது குளோரீன் வாயு. நல்ல வேளையாக அவள் இருந்தது முற்றத்தில். அம்மம்மா இருமல் சத்தம் கேட்டு ஓடிவந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் தொண்டை எரிவோடு பிள்ளை தப்பினாள். அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரிசோதனை செய்து பார்க்க ஆசைப்பட்ட பிள்ளை அவள். அந்த ஆசைக்குப் பாடசாலையில் ஓர் ஆய்வுகூடமும் பக்கத்தில் ஓர் ஆசிரியரும் இருந்திருக்க வேண்டும்.

இந்த மண்ணுக்கென்று ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழைய இரும்பைப் பொறுக்கி, உலை செய்து உருக்கும் காணொளிகள் உலகமெங்கும் பிரபலம். வேறு இடத்தில் அது வெறும் கைவேலை. முகமாலையில் ஆண்டுக்கணக்காகக் கண்ணிவெடி அகற்றிய நாட்டில், காணி துப்புரவாக்கும்போது இன்றும் வெடிபொருள் வெளிவரும் மாவட்டங்களில், "கிடைக்கும் பழைய உலோகத்தை எடுத்துச் சூடாக்குங்கள்" என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லலாமா? இது கொழும்பிலோ சென்னையிலோ இருந்து காணொளி தெரிவுசெய்பவருக்குத் தோன்றாது. அதில் அவர்கள் குற்றம் இல்லை. வன்னிக்குப் போகும் பட்டியலை வன்னியில் வாழ்ந்த ஒருவரும் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காணொளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஐந்தில் ஒன்று, 1971 ஆகஸ்டு 2ஆம் திகதி அப்பலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்கொட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் வல்லூறு ஒன்றின் இறகையும் ஒன்றாகக் கைவிட்ட காட்சி. சுத்தியல் 1.32 கிலோகிராம், இறகு 0.03 கிலோகிராம். காற்றில்லாத இடத்தில் இரண்டும் ஒன்றாகவே நிலத்தைத் தொடுகின்றன. இதை எந்த ஆய்வுகூடத்திலும் என்னால் காட்ட முடியாது. மண்டபத்தில் பிள்ளைகள் நான்கு தடவை திரும்பப் போடச் சொன்னார்கள். ஐந்தாம் தடவை ஒருவன் எழுந்து, வாசலில் கிடந்த கோழி இறகையும் ஒரு கல்லையும் எடுத்து விட்டுப்பார்த்தான். "இங்கே ஏன் ஒன்றாக விழவில்லை?" அந்தக் கேள்வியோடு ஒரு மணி நேரம் போனது. அது முடிந்ததும் திரையில் தானாக வந்த அடுத்த காணொளி, மனிதர் நிலவுக்குப் போனதே பொய் என்பது. அப்பலோ 11, 14, 15 பயணங்களில் நிலவில் வைத்த தெறிப்பிகளுக்கு இன்றும் லேசர் ஒளியை அனுப்பித் திரும்பப் பெறுகிறார்கள், போய்வர ஏறத்தாழ இரண்டரைச் செக்கன் ஆகிறது என்று நான் சொல்லிக்கொடுத்தேன். நான் அங்கே இல்லாத நாளில் யார் சொல்வார்கள்?

நொட்டிங்காம் பல்கலைக்கழகத்து இரசாயனவியலாளர்கள் ஆவர்த்தன அட்டவணையின் 118 மூலகங்களுக்கும் காணொளி செய்திருக்கிறார்கள். சீசியம் நீரில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதைத் திரையில் பார்ப்பதுதான் முறை. புனேயைச் சேர்ந்த அரவிந்த் குப்தா, எறிந்த பொருள்களிலிருந்து விஞ்ஞான விளையாட்டுப் பொருள் செய்யும் முறைகளைக் குறுங்காணொளிகளாகத் தந்திருக்கிறார். உறிஞ்சிக் குழலும் தீக்குச்சியும் இருந்தால் போதும். கொலராடோப் பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற கணினி மாதிரிகளில் மின்சுற்றைப் பிள்ளையே இணைத்துப் பார்க்கலாம். இணையம் இல்லாமலும் இயங்கும். எங்கள் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளமே மும்மொழியிலும் பாடப்பொருள் வைத்திருக்கிறது. உங்கள் 46இல் இவற்றில் எதுவும் இல்லை.

ஒரு காணொளியை எப்படி நம்புவது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பார்த்தவர்களின் தொகையைக் காட்டுகிறார்கள். ஓர் இலட்சம் பேர் பார்த்தது சரியாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். முன்பு யூடியூபில் எத்தனை பேர் பிடிக்கவில்லை என்று குறித்தார்கள் என்பதாவது தெரிந்தது. 2021 நவம்பரிலிருந்து அந்த எண்ணிக்கையும் பார்ப்பவருக்கு மறைக்கப்பட்டுவிட்டது. ஆகவே நான் வேறு விதமாகப் பார்க்கச் சொல்கிறேன். பேசுபவர் யார், எங்கே கற்றவர், எங்கே வேலை செய்பவர் என்று தெரிகிறதா? அளந்து காட்டுகிறாரா, வாயால் மட்டும் சொல்கிறாரா? பரிசோதனை ஒரே எடுப்பில் ஓடுகிறதா, முக்கியமான இடத்தில் வெட்டு விழுகிறதா? பழைய பிழையொன்றைத் திருத்திக் குறிப்புப் போட்டிருக்கிறாரா? திருத்துபவரை நான் அதிகம் நம்புகிறேன். முடிவில் எதையாவது வாங்கச் சொல்கிறாரா? இப்போது கணினியே ஆக்கிய குரலும் படமுமாக வரும் காணொளிகள் கூடிவிட்டன. அப்படி ஒன்றில் இதயத்தின் வலமும் இடமும் மாறிக் கிடந்தன. குரல் மட்டும் செய்தி வாசிப்பவர்போல உறுதியாக இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை இதையெல்லாம் தனியே சலித்தெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

நல்ல காணொளியும் தனியே போதாது. டெரிக் முல்லர் இன்று வெரிட்டாசியம் என்ற விஞ்ஞானக் காணொளித் தளத்தால் உலகமறிந்தவர். அவர் 2008இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்தது இதைத்தான். பௌதிகத்தைத் தெளிவாக, நேராக விளக்கும் காணொளியைப் பார்த்த மாணவர், நன்றாக விளங்கியது என்றார்கள். பரீட்சித்தபோது புள்ளி பெரிதாக உயரவில்லை. மாணவரிடம் வழக்கமாக இருக்கும் பிழையான எண்ணத்தை முதலில் எடுத்துப் பேசி, பிறகு அதை மறுக்கும் காணொளியைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். அவர்களுடைய புள்ளிதான் உயர்ந்தது. என் மண்டபத்தில் நான் காண்பதும் இதுவே. "விளங்கியது ரீச்சர்" என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். தாளை எடுத்து வரையச் சொன்னால் பென்சில் நகராது.

செய்முறை என்பது பார்ப்பது அல்ல. ஒளித்தொகுப்பில் ஒட்சிசன் வெளிவருவதைக் காட்ட உங்கள் பட்டியலில் இரண்டு காணொளிகள் இருந்தன. ஒன்று திறக்கவில்லை, மற்றது ஆங்கிலம். எங்கள் குளத்தில் ஐதரில்லா என்ற நீர்த்தாவரம் பாய்விரித்ததுபோலக் கிடக்கிறது. பிள்ளைகள் ஜாம் போத்தலில் அள்ளிவந்தார்கள். வெட்டிய தண்டின் நுனியிலிருந்து குமிழி புறப்படுவதை மூக்குப் போத்தலில் முட்டும்படி குனிந்து எண்ணினார்கள். வெயிலில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை, வேப்பமர நிழலில் எத்தனை, சாக்கால் மூடினால் எத்தனை. முகில் சூரியனை மறைத்தபோது குமிழி குறைந்ததைக் கண்டு ஒரு பிள்ளை கத்தியே விட்டாள். இதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு மணிக்கூடு. அயடீனும் மதுசாரமும் இருந்திருந்தால் இலையில் மாப்பொருளைச் சோதித்திருப்போம். ஒரு விற்றராசு இருந்திருந்தால் அந்த மாணவன் நிறைக்கு நேரே கிலோகிராம் என்று எழுதியிருக்கமாட்டான். விற்றராசின் முகத்தில் நியூற்றன் என்று அவனே வாசித்திருப்பான்.

காணொளி பார்ப்பதற்கான வசதியைப் பற்றி நீண்டு எழுதப்போவதில்லை. 2020இல் பாடசாலைகள் மூடியபோது பிள்ளைகள் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி இருந்ததை நீங்களும் அறிவீர்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்சாரம் போனதையும் அறிவீர்கள். இன்றும் பல வீடுகளில் ஒரே ஒரு கைத்தொலைபேசி. அது பகலில் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். ஒரு மணி நேரக் காணொளி சில நூறு மெகாபைட் டேட்டாவை விழுங்கும். அதற்கான காசு கூலிவேலைக் குடும்பத்தின் சமையல் காசிலிருந்து வருகிறது. திறக்காத எட்டு இணைப்புகளைத் தேடியும் அந்தக் காசு போயிருக்கிறது.

நான் கேட்பவற்றைச் சொல்கிறேன்.

அந்தப் பின்னிணைப்பை மீளப்பெறுங்கள். பாம்புக்கடிக் காணொளிக்கு மட்டும் இந்தக் கிழமையே தனியாக ஒரு திருத்தக் கடிதம் எல்லாப் பாடசாலைக்கும் போக வேண்டும். அது புதிய பட்டியலுக்காகக் காத்திருக்கக் கூடாது.

புதிய பட்டியலை ஆக்க ஒரு சிறு குழு அமையுங்கள். ஆசிரிய ஆலோசகர்களும் வகுப்பில் நிற்கும் ஆசிரியர்களும் அதில் இருக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் எங்கள் ஊர்களைப்போன்ற இடங்களிலிருந்து போனவர்கள், கேட்டால் வருவார்கள். ஒவ்வொரு காணொளிக்கும் பக்கத்தில் அதை முழுவதும் பார்த்தவரின் பெயரும் திகதியும் இருக்கட்டும். எந்தத் தரம், எந்த அலகு, எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனையாவது நிமிடம்வரை, எந்தச் சொல் எங்கள் நூலில் எந்தச் சொல் என்பதும் குறிக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இணைப்புகளையும் திறந்து பாருங்கள்.

பகிர்வதற்கு அனுமதியுள்ள காணொளிகளைத் தரவிறக்கிப் பென்டிரைவில் பாடசாலைகளுக்குத் தாருங்கள். நாசாவின் பெரும்பாலான படங்களும் காணொளிகளும் கட்டற்றவை. பெட் மாதிரிகளையும் எடுத்துப் பயன்படுத்தலாம். கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு சிறு கணினியில் இட்டால் இணையம் இல்லாமலே ஒரு வகுப்பு முழுவதும் பார்க்க முடியும். தானாக ஓடும் அடுத்த காணொளி அங்கே இராது.

நல்ல காணொளி தமிழில் இல்லாத அலகுகளுக்கு எங்கள் ஆசிரியர்களையே செய்யவிடுங்கள். அதற்கு ஒரு கைத்தொலைபேசியும் ஒரு நாள் கடமை விடுப்பும் போதும். எங்கள் குளத்து ஐதரில்லாவை எங்கள் சொற்களில் காட்டும் ஐந்து நிமிடம், துணுக்காயிலும் நெடுங்கேணியிலும் மடுவிலும் உள்ள பிள்ளைகளுக்குப் பயன்படும்.

காணொளி பார்த்ததைச் செய்முறை செய்ததாகப் பதிவதை நிறுத்துங்கள். ஆய்வுகூடக் கோரிக்கைகள் கவனிக்கப்படமாட்டா என்ற பந்தியை நீக்கி, விற்றராசு, மின்கலம், அம்பியர்மானி, பாசிச்சாயத்தாள், அயடீன், சோதனைக்குழாய் என்று அடிப்படையானவற்றையாவது இந்த ஆண்டுக்குள் தாருங்கள். எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை நியமியுங்கள். முழுநேரமாக முடியாவிட்டால், அயலிலுள்ள மூன்று பாடசாலைகளுக்குச் சேர்த்தாவது ஒருவர் வேண்டும்.

அடுத்த தவணை தொடங்குமுன் எழுத்தில் பதில் வேண்டும். அதிபருக்கு அனுப்பினால் போதும். அவர் மண்டபத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுவார்.

கொப்பி என்னிடம் இருக்கிறது. 46 இணைப்புகளுக்கும் பார்த்த திகதி, பிழை வரும் நிமிடம், மாற்றவேண்டிய சொல் எல்லாம் வரிசையாகக் குறித்திருக்கிறேன். எந்த நாள், எந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எழுதுங்கள். காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
மாங்குளம் – முல்லைத்தீவு வீதி